பீட்டில் எஞ்சினில் கிராங்க் எண்ட் ப்ளே 0.09 மி.மீ.க்கு வந்த விதம்

என்னிடம் உள்ள 1973ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் 1584 சி.சி. எஞ்சினைப் பிரித்து மீண்டும் கோத்து முடித்தாகிவிட்டது. எஞ்சினின் முதன்மைச் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் எண்ட் ப்ளே, அதாவது கிராங்க் தன் அச்சின் வழியே முன்னும் பின்னும் நகரும் தூரம், இப்போது 0.09 மி.மீ. இருக்கிறது. நிறுவனத்தின் கையேடு 0.07 முதல் 0.13 மி.மீ. வரை அனுமதிக்கிறது, 0.15ஐத் தொட்டால் தேய்மானத்தின் எல்லை. இந்த அளவை அமைப்பதற்கான கணக்கு ஒரே ஒரு கழித்தல்தான். அந்தக் கழித்தலுக்குள் போகும் எண்ணை நம்பலாமா என்று தெரிந்துகொள்வதில்தான் வேலையின் பெரும்பகுதி கழிந்தது என்பதால், அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

இந்த எஞ்சினை அறியாதவர்களுக்குச் சில வரிகள். எஞ்சின் காரின் பின்புறம் இருக்கிறது. கிராங்கின் ஒரு முனையில் மாட்டும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் காரின் முன்பக்கம் நோக்கியும், மறுமுனையில் உள்ள பெல்ட் புல்லி பின்பக்கம் நோக்கியும் அமைந்திருக்கும். கிராங்கைச் சுற்றியிருக்கும் கூடான கிராங்க் கேஸ் மக்னீசியக் கலவையில் வார்க்கப்பட்டு, செங்குத்தாக இரண்டு பாதிகளாகப் பிரியக்கூடியது. கிராங்கைத் தாங்கும் நான்கு மெயின் பேரிங்குகளில், ஃப்ளைவீலை ஒட்டிய முதலாவது பேரிங் மட்டுமே அச்சுவழித் தள்ளலைத் தாங்குகிறது. அதன் உள்முகத்தில் கிராங்கின் தோள் உட்காரும். வெளிமுகத்தில் இடைவெளியை நிரப்பும் மூன்று மெல்லிய எஃகு வளையங்கள், அதாவது ஷிம்கள், அவற்றின் மேல் ஃப்ளைவீலின் நடுப்பகுதி. கிளட்ச் பெடலை மிதிக்கும்போதெல்லாம் ஃப்ளைவீல் புல்லிப் பக்கமாகத் தள்ளப்படுவதால், அந்த அழுத்தம் முழுவதும் ஷிம்கள் வழியே இந்த ஒரு பேரிங்கின் மீது இறங்குகிறது. ஆக, எண்ட் ப்ளே என்பது கிராங்கின் தோளுக்கும் ஃப்ளைவீலுக்கும் இடைப்பட்ட தூரத்திலிருந்து பேரிங்கின் அகலத்தையும் ஷிம்களின் தடிமனையும் கழித்தால் மிஞ்சுவது.

பிரிப்பதற்கு முன்பே கோளாறு தெரிந்திருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு, புல்லியை இரு கைகளாலும் பிடித்து இழுத்துத் தள்ளினால் 'டக்' என்று கேட்டது. பழைய பீட்டில் வாங்கப் போகிறவர்கள் முதலில் செய்து பார்க்கும் சோதனை இதுதான். நல்ல எஞ்சினில் அசைவு கைக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும், காதுக்குக் கேட்காது. முனையின் மிகச் சிறிய நகர்வையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தபோது 0.38 மி.மீ. காட்டியது. எஞ்சினை இறக்கி, ஃப்ளைவீலைக் கழற்றி, தடித்த ஷிம்கள் போட்டு மூடிவிடலாம் என்பது பலரும் சொல்லும் குறுக்குவழி. கேஸைப் பிளக்காமல் முடித்துவிடலாம் என்பதால் அதில் ஆசை வருவது இயல்பு. ஆனால் அந்த 0.38இல் எவ்வளவு பேரிங்கின் தேய்மானம், எவ்வளவு கேஸின் தேய்மானம் என்பதை வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல வழியில்லை.

கேஸைப் பிளந்ததும் விடை கிடைத்தது. பழைய முதல் பேரிங்கைக் கேஸின் ஒரு பாதியில் அதன் டவல் பின்னின் (பேரிங்கை இடத்தில் நிறுத்தும் சிறு முளை) மேல் உட்கார வைத்து, பேரிங்கின் விளிம்புக்கும் கேஸின் பக்கச் சுவருக்கும் நடுவே ஃபீலர் கேஜின் தடிமன் குறித்த மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தேன். 0.08 தகடு தடையின்றி உள்ளே போனது. அந்த இடத்தில் எதுவும் போகக்கூடாது. பேரிங் கேஸில் அசையாமல் இருக்க வேண்டும். பல ஆண்டுகளாகக் கிளட்ச் தள்ளிய தள்ளலில் பேரிங் கேஸுக்குள்ளேயே முன்னும் பின்னும் அடித்து, மென்மையான மக்னீசியத்தைத் தின்றிருக்கிறது. சுவரில் விரல்நகத்தை ஓட்டினால் படிபோல ஒரு விளிம்பு தட்டுப்பட்டது. இந்த நிலையில் ஷிம் மட்டும் மாற்றியிருந்தால் டயலில் 0.10 வந்திருக்கும், அதில் 0.08 கேஸுக்கும் பேரிங்குக்கும் இடையில் போய், ஆயில் படலத்துக்கு மிஞ்சுவது 0.02தான்.

இதற்குக் கேஸை எஞ்சின் மெஷினிங் பட்டறைக்குக் கொண்டுபோவதைத் தவிர வேறு வழியில்லை. நான் வசிக்கும் ஷ்டுட்கார்ட் பகுதியில் இன்னும் இந்த வேலையை எடுத்துச் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. எம்டன் ஆலையில் 1978 ஜனவரியிலும், மெக்சிகோவின் புவெப்லாவில் 2003 ஜூலையிலும் உற்பத்தி நின்றுபோன ஒரு காருக்கு, மெயின் பேரிங்கிலிருந்து ஷிம் வரை எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைப்பது அந்தக் காரின் தனிச்சிறப்பு. பட்டறையில் பேரிங் துளைகளை நேர்க்கோட்டில் பெரிதாக்கி, தேய்ந்த பக்கச் சுவரையும் சமமாகச் சீவிக் கொடுத்தார்கள். இதற்கு 260 யூரோ. அப்படிச் சீவிய பிறகு வழக்கமான பேரிங் பொருந்தாது. விளிம்பு ஒரு மில்லிமீட்டர் கூடுதலான வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அந்த செட் 95 யூரோ. கேஸைக் கொடுக்கும்போதே எந்த அளவுக்குச் சீவுவார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு பேரிங்கை ஆர்டர் செய்வது நல்லது. பேரிங்கை வாங்கிய பிறகு கேஸை அதற்கேற்பச் சீவச் சொல்வதும் உண்டு. எந்த வரிசையில் செய்தாலும் இரண்டும் ஒரே கையில் இருக்க வேண்டும். வந்த கேஸில் புதிய பேரிங்கை வைத்து மீண்டும் ஃபீலர் கேஜ் பார்த்தேன். 0.04 தகடும் நுழையவில்லை. என்னிடம் அதைவிட மெல்லிய தகடு இல்லை.

கேஸை மூடும்போது ஒரு சின்ன ஏற்பாடு பெரிதும் உதவியது. முழு வளையமாக இருக்கும் பேரிங்குகளை முதலில் வெறும் கேஸில் டவல் பின்னின் மேல் உட்கார வைத்து, கேஸின் விளிம்பு எங்கே வருகிறதோ அங்கே பேரிங்கின் மேல் கூரான பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு கிராங்கோடு சேர்த்து இறக்கும்போது டவல் பின் கண்ணுக்குத் தெரியாது. கோடு கேஸின் விளிம்போடு ஒத்துப்போனால் பின் துளைக்குள் இருக்கிறது என்று அர்த்தம். பின் துளைக்கு வெளியே நிற்கும்போது நட்டை முறுக்கினால் பேரிங்கின் உட்புறத்தில் மேடு விழுந்து, வாங்கிய செட் குப்பைக்குப் போகும். ஆறு பெரிய எம்12 நட்டுகளைப் படிப்படியாக 34 நியூட்டன் மீட்டர் வரையும், சிறிய எம்8 நட்டுகளை 20 வரையும் முறுக்கினேன். ஒவ்வொரு படிக்குப் பிறகும் கிராங்கைக் கையால் சுற்றிப் பார்த்தேன்; ஒரே சீராக, எங்கும் பிடிக்காமல் சுற்றியது.

அளவெடுக்கும் கட்டத்துக்கு வருகிறேன். விதி எளிமையானது. ஆயில் சீல் போடாமல், ஃப்ளைவீலுக்குள் இருக்கும் ரப்பர் ஓ-ரிங்கும் இல்லாமல், மூன்றுக்குப் பதில் இரண்டு ஷிம்கள் மட்டும் வைத்து ஃப்ளைவீலை முழு இறுக்கத்தில் மாட்ட வேண்டும். கிராங்க் நகரும் தூரத்தை டயல் கேஜில் படித்து, அதிலிருந்து நமக்கு வேண்டிய ஆட்டமான 0.10ஐக் கழித்தால் வருவது மூன்றாவது ஷிம்மின் தடிமன். ஷிம்கள் 0.24, 0.30, 0.32, 0.34, 0.36, 0.38 மி.மீ. அளவுகளில் வருகின்றன. எப்போதும் மூன்று போட வேண்டும். ஒரே தடித்த வளையத்தால் அந்த இடத்தை நிரப்பக்கூடாது. (ஓ-ரிங்குக்குப் பதிலாக கிராங்கின் முனையில் தாள் அல்லது உலோக கேஸ்கெட் இருக்கும் பழைய எஞ்சின்களில் அந்த கேஸ்கெட்டுக்கும் தடிமன் உண்டு என்பதால், அதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.)

டயல் கேஜை எங்கே நிறுத்துவது என்பதே முதல் சிக்கல். 38 யூரோவுக்கு வாங்கிய காந்த ஸ்டாண்டு மக்னீசியக் கேஸில் ஒட்டாது. இரும்பு எஞ்சின்களில் பழகியவர்களுக்கு இது கேஸின் மேல் ஸ்டாண்டை வைத்துக் கைவிடும் நொடியில்தான் உறைக்கும். இரண்டு வழிகள் உண்டு. கியர் பாக்ஸ் மாட்டும் ஸ்டட்டில் (கேஸில் நிற்கும் மரைத் தண்டு) ஓர் இரும்புப் பட்டையை நட்டுப்போட்டு இறுக்கி, அதன் மேல் ஸ்டாண்டை நிறுத்தலாம். அல்லது ஸ்டாண்டை எஃகு ஃப்ளைவீலின் மேல் ஒட்டி, டயலின் முனையைக் கேஸின் ஒரு தட்டையான இடத்தில் ஊன்றலாம். முதலில் இரண்டாவது வழியில் போனேன். வேலை செய்தது, ஆனால் சுமார் 8 கிலோ ஃப்ளைவீலைப் பிடித்து இழுக்கும் கை ஸ்டாண்டிலும் பட்டுவிடுகிறது என்பதால், கடைசியில் 6 மி.மீ. தடிமனுள்ள பட்டை ஒன்றை ஸ்டட்டில் மாட்டினேன். பட்டை மெல்லியதாக இருந்தால் அதுவே வளைந்து நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பொய் சொல்லும். டயலின் முனை கிராங்கின் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டும். இழுப்பதற்கும் தள்ளுவதற்கும் இடையில் ஃப்ளைவீலைச் சுற்றக்கூடாது, சுற்றினால் அதன் முகக் கோணலும் எண்ணில் சேர்ந்துவிடும். ஸ்க்ரூ டிரைவரை ஃப்ளைவீலுக்கும் கேஸுக்கும் நடுவே கொடுத்து நெம்புவதையும் பார்த்திருக்கிறேன். கேஸின் விளிம்பு நசுங்குவதுதான் அதில் மிச்சம். கை பலமே போதும்.

0.32, 0.34 என்று இரண்டு ஷிம்களை வைத்தேன். ஃப்ளைவீலை நடுவில் பிடிக்கும் கிளாண்ட் நட்டுக்குக் கையேட்டில் சொன்ன இறுக்கம் சுமார் 350 நியூட்டன் மீட்டர். என் டார்க் ரெஞ்ச் 200இல் முடிந்துவிடுகிறது. ஒரு பார்வைக்காக 200 வரை முறுக்கி அளந்தபோது 0.52 வந்தது. பிறகு 36 மி.மீ. சாக்கெட்டில் ஒரு மீட்டர் நீளக் குழாயைச் சொருகி, அதன் முனையில் 35 கிலோ எடை கொடுத்து முழு இறுக்கத்துக்குக் கொண்டுவந்தேன். ஒரு மீட்டரில் 35 கிலோ என்பது ஏறக்குறைய 343 நியூட்டன் மீட்டர். குழாயில் தொங்கவிட்டது வாளியில் எடைபோட்டு எடுத்த மணல். அதனால் எடை துல்லியமாகத் தெரிந்தது; குழாயில் ஏறி மிதிக்கும் முறையில் யாருக்கும் தெரியாது. ஃப்ளைவீல் சுற்றாமல் இருக்க, அதன் பற்சக்கரத்தில் மாட்டும் பூட்டுத் தகடு வேண்டும். முழு இறுக்கத்தில் டயல் 0.48 காட்டியது. கழற்றி, துடைத்து, அதே நிலையில் மீண்டும் மாட்டினால் 0.46. இன்னொரு முறை 0.49.

பொறுமையிழந்து இவற்றின் சராசரியை எடுத்துக் கழிக்கத் தோன்றும் இடம் இது. ஒரே பொருள்கள், ஒரே இறுக்கம், ஆனால் எண் மட்டும் மாறுகிறது என்றால், ஏதோ ஒன்று ஒவ்வொரு முறையும் வெவ்வேறாக உட்காருகிறது. எது என்று யோசித்ததில் பிழைகளை இரண்டு வகையாகப் பிரிக்க முடிந்தது. ஷிம்களுக்கு நடுவே அழுக்கோ பிசிறோ இருந்தால் அடுக்கு தடித்து, எண் குறையும். ஃப்ளைவீல் கிராங்கின் முனையில் முழுதாக உட்காராமல் இருந்தால், இடைவெளி விரிந்து, எண் கூடும். முதல் வகையில் மெல்லிய ஷிம்மைத் தேர்ந்தெடுப்போம். எஞ்சின் ஓட ஓடப் பிசிறு நசுங்கியதும் ஆட்டம் சற்று கூடும், அவ்வளவுதான். இரண்டாவது வகை ஆபத்தானது. அதிகமாகக் காட்டும் எண்ணை நம்பித் தடித்த ஷிம்மைப் போடுவோம். பிறகு ஃப்ளைவீல் தன் இடத்தில் முழுதாக உட்கார்ந்ததும் இடைவெளி மூடிக்கொள்ளும். இறுக்கத்தைக் கூட்டும்போது 0.52 குறைந்து 0.48 ஆனதே ஃப்ளைவீல் உட்காரத் தயங்குகிறது என்பதற்குச் சான்று.

ஃப்ளைவீலைக் கழற்றி, முகங்கள் எங்கே தொடுகின்றன என்று காட்டும் நீல மையைக் கிராங்கின் முனையில் மிக மெல்லியதாகத் தடவி, மாட்டி, முறுக்கி, மறுபடி கழற்றிப் பார்த்தேன். மை வளையம் முழுதாக விழவில்லை. பாதி வட்டத்தில் அழுத்தமாகவும், எதிர்ப்பாதியில் வெறும் நிழலாகவும் விழுந்திருந்தது. அழுத்தமான பக்கத்தில், ஃப்ளைவீலைக் கிராங்கோடு பிணைக்கும் டவல் பின்களின் துளைகளில் ஒன்றின் விளிம்பு வெளியே பிதுங்கியிருந்தது. எப்போதோ ஒருமுறை கிளாண்ட் நட்டு தளர்ந்து ஓடியதில், அல்லது யாரோ பின்னைச் சுத்தியலால் தட்டியதில் அப்படி ஆகியிருக்கலாம். கண்ணுக்குப் பளபளக்கும் ஒரு புள்ளி மட்டுமே. விரல் நுனியால் தடவினால்தான் மேடு தெரிந்தது. நல்ல ஆயில் ஸ்டோனை (தீட்டுக்கல்) முகத்தின் மேல் தட்டையாக வைத்து, அந்த மேடு மறையும் வரை மட்டும் தேய்த்தேன். அரம் போடக்கூடாது, அரம் மேட்டோடு நிற்காமல் சுற்றியுள்ள முகத்தையும் கடித்துவிடும். நான்கு துளைகளையும் இதே போலத் தடவிப் பார்த்து, பெட்ரோலில் கழுவி, காற்றடித்தேன். ஷிம்களையும் கண்ணாடிப் பலகையின் மேல் வைத்து அழுத்திப் பார்த்ததில், 0.32 ஷிம்மின் வெளி விளிம்பு ஓரிடத்தில் இலேசாக மடங்கியிருந்தது தெரிந்தது. அதை ஒதுக்கிவிட்டு அதே அளவில் வேறொன்றை எடுத்தேன்.

அதன் பிறகு முழு இறுக்கத்தில் 0.45. கழற்றி மாட்டியும் 0.45. மீண்டும் 0.45. நட்டை 200 நியூட்டன் மீட்டரில் நிறுத்தி அளந்தால் 0.46, முன்பு 0.04 இருந்த வித்தியாசம் 0.01 ஆகச் சுருங்கிவிட்டது. எண் மூன்று முறை திரும்பி வந்த பிறகுதான் கழித்தல் கணக்கைக் காகிதத்தில் போட்டேன். 0.45இலிருந்து 0.10 போனால் 0.35. அந்த அளவில் ஷிம் இல்லை. 0.34 போட்டால் 0.11 வரும், 0.36 போட்டால் 0.09 வரும், இரண்டும் எல்லைக்குள்தான். தேய்மானம் இந்த அளவைக் கூட்டும் திசையில் மட்டுமே நகர்த்தும் என்பதால் 0.36ஐத் தேர்ந்தெடுத்தேன். 0.07க்கு அருகே போகவும் எனக்கு மனமில்லை. என் செட்டில் முதல் பேரிங் அலுமினியக் கலவை, 25 மி.மீ. நீளத்தில் 80 டிகிரி சூடேறினால் எஃகுக் கிராங்கைவிட அது சுமார் 0.02 மி.மீ. கூடுதலாக விரியும், அந்த அளவுக்கு ஆட்டம் குறையும் என்று கணக்கிட்டிருந்தேன்.

முதலில் வந்த 0.52ஐ நம்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதையும் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது ஷிம் 0.42 என்று வந்திருக்கும். அப்படி ஒரு ஷிம் கிடையாது என்பதால், மூன்று 0.36களாக மாற்றி 1.08 மி.மீ. அடுக்கு கட்டியிருப்பேன். ஃப்ளைவீல் சரியாக உட்கார்ந்த பிறகு மிஞ்சுவது 0.03. குளிர்ந்த எஞ்சினில் அது கையால் நன்றாகவே சுற்றும். சூடானதும் பேரிங்கின் முகம் கருகத் தொடங்கும்.

ஷிம்களில் அளவு பொறிக்கப்பட்டிருந்தாலும், ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் நான்கு இடங்களில் அளந்தேன். 0.36 என்று போட்ட ஒன்று 0.37 இருந்தது; இன்னொன்று சரியாக இருந்தது, அதைப் போட்டேன். ஒரு ஷிம் 3 யூரோ 50 சென்ட். வேண்டியதை மட்டும் வாங்கலாம் என்று ஒவ்வொன்றாக ஆர்டர் செய்தால் தபால் செலவு ஷிம்மின் விலையைத் தாண்டிவிடுகிறது. எல்லா அளவிலும் இரண்டிரண்டு வாங்கி வைத்திருந்தால், அளந்த அன்றைக்கே மூடிவிடலாம்.

மூன்று ஷிம்களோடு, சீல் இல்லாமல் ஒருமுறை மாட்டி அளந்தேன்: 0.09. அதன் பிறகே ஆயில் சீல். ஷிம்கள் சீலுக்கு உள்ளே இருப்பவை என்பதால், சீலைப் போட்ட பிறகு ஷிம்மை மாற்ற நினைத்தால் சீலைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். மூன்றையும் எஞ்சின் ஆயிலில் நனைத்து உள்ளே வைத்து, சீலைச் சுற்றிலும் சமமாக, கேஸின் பள்ளத்தின் அடிமட்டத்தில் உட்காரும் வரை அழுத்தினேன். இதற்கென விற்கும் கருவி 30 யூரோ. பழைய கிளாண்ட் நட்டையும் ஒரு தட்டையான எஃகு வட்டையும் வைத்து அதே வேலையைச் செய்துகொண்டேன். புதிய ஓ-ரிங்கில் ஆயில் தடவி ஃப்ளைவீலின் பள்ளத்தில் பதித்தேன். அது பள்ளத்திலிருந்து நழுவி நடுவே சிக்கினால் ஃப்ளைவீல் மறுபடி உட்காராது. ஆகவே கடைசி இறுக்கத்துக்குப் பிறகும் ஓர் அளவு எடுக்க வேண்டும். அதுவும் 0.09.

எஞ்சினைக் காரில் ஏற்றி 500 கிலோமீட்டர் ஓடி, முதல் ஆயில் மாற்றும்போது புல்லிப் பக்கமாக அளந்தேன். இங்கே ஸ்டாண்டைக் காரின் உடலில் வைக்கக்கூடாது; இழுக்கும்போது ரப்பர் மவுண்டுகளின் மேல் எஞ்சினே நகர்கிறது, டயல் அரை மில்லிமீட்டர் வரை காட்டிப் பயமுறுத்தும். காந்தத்தை எஃகுப் புல்லியில் ஒட்டி, முனையைக் கேஸில் ஊன்றியதில் 0.10 வந்தது. ஆயில் வடிகட்டும் வலையில் அலுமினியத் துகள் எதுவும் இல்லை.

அடுத்த எஞ்சினில் இரண்டு விஷயங்களை மாற்றுவேன். நீல மைச் சோதனையைக் கேஸை மூடுவதற்கு முன்பே, கிராங்கும் ஃப்ளைவீலும் தனியாக மேசையில் இருக்கும்போது செய்துவிடுவேன்; அங்கே கழற்றி மாட்டுவது பாதி வேலை. கூடவே முதல் பேரிங்கையும் இரண்டு ஷிம்களையும் போட்டு மேசையிலேயே ஃபீலர் கேஜில் ஒரு முன்கணிப்பு எடுத்து வைப்பேன். கேஸில் எடுக்கும் டயல் அளவு அதோடு 0.01க்குள் ஒத்துப்போனால், பேரிங் கேஸில் அசையவில்லை என்பதும் அதே வேலையில் உறுதியாகிவிடும். மற்றபடி, 36 மி.மீ. சாக்கெட், பூட்டுத் தகடு, டயல் கேஜ், இரும்புப் பட்டை, ஷிம்கள், சீல் எல்லாம் சேர்த்து எண்ட் ப்ளேக்காக மட்டும் செலவானது, பட்டறைக் கூலியும் பேரிங்கும் நீங்கலாக, 140 யூரோவுக்குச் சற்றுக் குறைவு. சாக்கெட்டை மலிவானதாக வாங்க வேண்டாம்; முதலில் வாங்கிய ஒன்று மணல் வாளி தொங்கும்போதே விரிசல் விட்டது.